இறுக்கிப் பிடிக்காதீங்க சாமி!

2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல தங்கம் வாங்கினதைப் பார்த்து ஆசைப்பட்டு ஏர்கன் வாங்குறவங்க நிறைய. குறி தப்பினா உடனே துப்பாக்கி மேல பழி, இல்லேன்னா விலை கூடின ஸ்கோப். ரெண்டும் வேண்டாங்கறது என் கட்சி.

போட்டித் துப்பாக்கியில காத்தை முன்கூட்டியே அடைச்சு வெச்சிருப்பாங்க. அதிர்வு ரொம்பக் கம்மி. நாம வாங்குற ஸ்பிரிங் வகை அப்படியில்லை. ட்ரிகரை அழுத்தினா உள்ளே கனமான பிஸ்டன் முன்னால பாயும், துப்பாக்கி பின்னால நகரும். பிஸ்டன் முட்டி நிக்கும்போது முன்னால உதறும். பெல்லட் குழலுக்குள்ள இருக்கும்போதே இந்த ஆட்டம் ஆரம்பிச்சுடும்.

அதனால மேஜை விளிம்புல வெச்சு அமுக்கினா துள்ளத்தான் செய்யும். மணல் பை மேல உள்ளங்கையை விரிச்சு வெச்சு, அது மேல துப்பாக்கியைச் சும்மா கிடத்துங்க. தோள்ல லேசாத் தொட்டா போதும். ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்துல இருக்கணும், அதே பிடி இருக்கணும். முக்கியமா, டார்கெட்டுக்குப் பின்னால பெல்லட்டைத் தாங்குற தடுப்பு இருக்கான்னு பார்த்துக்குங்க.

ஒரு டப்பா பெல்லட் இப்படிச் சுட்டுப் பாருங்க. அப்பறம் ஸ்கோப் வாங்கலாமான்னு பேசுவோம்.