தரைக்கு ஒரு பனியன்

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு தரையைச் சூடாக்கும் வித்தையைப் பற்றிப் பேசினால் சித்திரை வெயிலே சிரிக்கும். ஆயினும், என்னிடம் முன்பு பயின்ற ஒருவர் சென்ற வாரம் இவ்விஷயமாகவே என் வீடு தேடி வந்தார். பனியன் தொழிலில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு உதகமண்டலத்தில் வீடு கட்டுகிறார். மார்கழிக் குளிரில் வெறுந்தரையில் கால் வைத்தால் அவருடைய தாயாருக்கு மூட்டுவலி பொறுக்க முடிவதில்லையாம். ஆகவே, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதிக்க உத்தேசம்.

"மேலே தேக்குப் பலகை போடட்டுங்களா, கம்பளம் விரிக்கட்டுங்களா, ஸார்?" என்றார்.

"தம்பி, பனியன் எப்படிக் குளிர் தாங்குகிறது?"

"நூலுக்கு நடுவே காத்து நிக்குதுங்க. அது உடம்புச் சூட்டை வெளியே விடாதுங்க."

"கம்பளமும் அப்படித்தான். தரைக்குப் பனியனை மாட்டிவிட்டு, உஷ்ணம் மேலே வரவில்லையே என்று வருத்தப்படலாமா?"

பண்டை ரோமானியர் செங்கல் தூண்களின்மேல் தரையை உயர்த்தி, அடியில் அனற்காற்றைச் செலுத்தினர். கொரியா தேசத்தார் அடுப்புப் புகையைக் கற்பலகைகளின் கீழே ஓடவிட்டு, மேலே எண்ணெய்க் காகிதம் மட்டும் ஒட்டினர். காரணம் வெளிப்படை: மரத்தைவிடக் கருங்கல் பத்து மடங்குக்கு மேல் எளிதாக உஷ்ணத்தைக் கடத்தும். அயல்நாட்டுக் கம்பளத்தைவிட நம் கிருஷ்ணகிரிக் கருங்கல்லே இதற்கு உகந்தது. ஓடு பதித்தாலும் நன்றே. குழாய் நீர் 35 முதல் 45 டிகிரி வரை இருந்தால் போதும். தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டலாகாது. பலகைதான் வேண்டுமென்றால், அடுக்கடுக்காக ஒட்டிய மெல்லிய பலகையே தக்கது. கனத்த முழு மரம் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டவர், எழுந்து போகும்போது மெதுவாக ஒரு சங்கதி சொன்னார். குழாய்க்கு அடியில் போடவேண்டிய உஷ்ணத் தடுப்புப் பலகை வீண் செலவென்று மேஸ்திரி தள்ளிவிட்டாராம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது இல்லையேல் உஷ்ணத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கும். நீலகிரி மலையைச் சூடாக்க எந்தப் பனியன் கம்பெனியின் வருமானம் போதும்? மேலே போட்ட கல்லைப் பெயர்த்து மாற்றலாம். காங்கிரீட் இறுகிய பின் அடியிலுள்ளதை மாற்ற முடியுமா?

"தரைக்குப் பனியன் அவசியந்தான், தம்பி. ஆனால் அதை அடியில் போடுங்கள். காங்கிரீட் கொட்டுமுன் குழாயில் அழுத்தத்துடன் நீரேற்றிக் கசிவு பாருங்கள்," என்றேன்.

அங்கேயே மேஸ்திரிக்கு டெலிபோன் செய்து, மறுநாள் வேலையை நிறுத்தச் சொன்னார். நேயர்களே, வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் பணத்தை அள்ளி இறைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இடத்திலல்லவா அந்தத் தாயாரின் சுகம் இருக்கிறது?