குருதி சொல்வதும் குடும்பம் சொல்வதும்

"உங்கள் தந்தையாரின் உடன்பிறந்தோருள் எவருக்கேனும் இளவயதில் இதய நோய் இருந்ததா?"

என் தந்தையாரை மருத்துவமனையில் சேர்த்த அன்று, கையில் படிவத்துடன் மருத்துவர் கேட்ட வினா இது. நானும் என் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரியப்பா ஒருவர் நாற்பது வயதில் வயற்காட்டில் விழுந்து இறந்தார் என்பது தெரியும். மாரடைப்பு என்றனர் சிலர். பாம்பு தீண்டியது என்றனர் சிலர். உண்மையை அறிந்திருந்த அத்தை முந்தைய ஆண்டுதான் காலமானார். படிவத்தின் அந்தக் கட்டம் வெறுமையாகவே நின்றது.

இதைக் கேள்வியுற்ற என் தமக்கை மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசினான். "உமிழ்நீரைக் குப்பியில் எடுத்து அனுப்பினால் போதும், மாமா. டி.என்.ஏ. பரிசோதனையில் நம் வம்சாவளி முழுவதும் தெரிந்துவிடும்" என்றான். அன்று முதல் இதுபற்றிச் சிந்தித்தும் படித்தும் வருகிறேன். அப்பரிசோதனை வேண்டா என்பது என் கருத்தன்று. அது முதற்படி ஆகாது என்பதும், குடும்பத்தாரைக் கலந்துகொள்ளாமல் செய்யத்தக்கதன்று என்பதுமே என் கருத்து.

மரபணு நம் முன்னோரைப் பற்றி என்ன சொல்லும் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழுவினர் நம் வட்டாரத்து மக்களின் குருதி மாதிரிகளை ஆராய்ந்தனர். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஒருவரிடம் எம்130 என்னும் மரபணு அடையாளம் காணப்பட்டது. பல பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாக வந்த மாந்தரின் வழித்தடத்தைக் காட்டும் அடையாளம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உள்ளது. அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அச்செய்தியை நூலாலும் ஆவணப்படத்தாலும் உலகறியச் செய்தார்.

வியப்புக்குரிய செய்திதான். ஆயினும் அது சொல்வது எத்துணை, சொல்லாதது எத்துணை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அடையாளம் இருப்பது ஒய் குரோமோசோமில். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது அது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடங்கள் உண்டு; ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசும். தாய்வழி செல்லும் மைட்டோகாண்டிரியாவும் அவ்வாறே இன்னொன்றைப் பற்றி மட்டுமே பேசும். நம் பூட்டனார் எவ்வூரில் வாழ்ந்தார், எதனால் இறந்தார் என்பதை இவ்விரண்டும் சொல்லா.

உறவினரைக் கண்டறியும் பரிசோதனை வேறு வகை. இருவருக்குப் பொதுவான மரபணுப் பகுதிகளை அளந்து அவர்கள் என்ன உறவு என்று அது கணிக்கிறது. தந்தையும் மகனும் பாதியைப் பகிர்வர். அண்ணன் மக்களும் தம்பி மக்களும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைப் பகிர்வர். இக்கணக்கில் நம் ஊர்களுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பதும், தாய்மாமனுக்கே பெண் கொடுப்பதும் இங்குப் பழைய வழக்கம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவினரையே மணந்துள்ளனர். இத்தகைய குடும்பங்களில் ஒரே மூதாதை இரண்டு மூன்று இடங்களில் வந்து நிற்பார். பல வழிகளில் வந்த சிறு பங்குகள் ஒன்றுசேர, தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர் போல் தோன்றுவர். கணிப்பு எவ்வளவு நெருக்கம் காட்டினாலும், எவ்வழியில் உறவு என்பதை வீட்டிலிருக்கும் மூதாட்டியே சொல்ல வல்லார்.

மரபணு ஆய்வு நம் உயிர் காக்கும் இடமும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஐதராபாத்து சி.சி.எம்.பி. நிறுவனத்தாரும் பிறரும் சேர்ந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசைக்குரிய மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட நிலை தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் உண்டு என்றும், அது இதயத் தசை நோய்க்கான வாய்ப்பை மிகுவிக்கிறது என்றும் அவ்வாய்வு கூறியது. அதை உடையவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வருவோர்க்கும் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. அதற்குள் அடுத்த தலைமுறை பிறந்துவிடுகிறது. அவ்வாறே, தென்னிந்தியச் சமூகம் ஒன்றில் அறுவை மயக்கத்தின்போது தரப்படும் ஒரு தசைத் தளர்ச்சி மருந்தை உடல் விரைந்து சிதைக்க இயலாத மரபுக் குறை மிகுதியாக உள்ளது. "உங்கள் வீட்டில் அறுவைக்குப் பின் எவரேனும் நெடுநேரம் மூச்சு விட இயலாமல் இருந்தனரா?" என்று மயக்கவியல் மருத்துவர் கேட்பது வெறும் சடங்கன்று. குடும்ப வரலாறு கையில் இருந்தால், எந்த மரபணுவை யாரிடம் சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அறிவார். அது இல்லாத பரிசோதனை, ஊர்ப்பெயர் எழுதாத கடிதம் போன்றது.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் தரும் உமிழ்நீர் அவருடையது மட்டுமன்று. அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரின் மறைகளும் அதில் உள்ளன. திருவில்லிபுத்தூரில் துளசி வனத்தில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. ஆண்டாளின் தந்தை யார் என்று கேட்டால் நம்மில் எவரும் தயங்குவதில்லை. ஆனால் இன்றும் எத்தனையோ வீடுகளில் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள் உள்ளனர். அவர்களுள் சிலர் அதை அறியார். பொழுதுபோக்காக அனுப்பிய ஒரு குப்பி அவ்வுண்மையைக் கணினித் திரையில் போட்டுவிடக்கூடும். உண்மையை அறியும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டு. அதை வளர்த்தவர் வாயிலாக, தக்க நேரத்தில் அறியும் உரிமையும் உண்டு.

தந்த செய்தியின் காவலும் உறுதியானதன்று. 2023-இல் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். மரபணுவை மாற்ற இயலாது.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மூன்று தலைமுறையினரின் பெயர், ஊர், நோய், இறந்த வயது ஆகியவற்றை எழுதுங்கள். பெற்றோர் உறவுக்குள் மணந்தவரா என்பதையும் எழுதுங்கள். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. பரணில் கிடக்கும் மொய் நோட்டும், பழைய பத்திரமும், கருமாதி அழைப்பிதழும் மறந்த பெயர்களைத் தரும். இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் காத்துவரும் இல்லப் பெயரும் ஒரு பரம்பரைச் சான்றே. எல்லோரையும் 'அங்கிள்' என்று எழுதிவிடாதீர்கள். சித்தப்பா என்றும் தாய்மாமன் என்றும் எழுதினால், நோய் எவ்வழியில் வருகிறது என்பது மருத்துவருக்கு ஒரு சொல்லிலேயே விளங்கும்.

அதன்பின் பரிசோதனை தேவை என்று மருத்துவர் கருதினால், மரபியல் ஆலோசனையுடன், வீட்டாருடன் பேசிச் செய்துகொள்ளுங்கள்.

ஆடிப்பூரத் தேருக்கு வெளியூரிலிருந்து உறவினர் வருவர். இம்முறை என் நோட்டுப் புத்தகம் திண்ணையில் இருக்கும். எண்பத்திரண்டு வயதான என் சின்னத் தாத்தாவிடம், பெரியப்பா விழுந்த அந்த நாளைப் பற்றித்தான் முதலில் கேட்கப்போகிறேன். தம்பிக்கு இந்த ஆண்டு நாற்பது வயது.