இயந்திரம் பிறகு வரட்டும், முதலில் ஓர் ஆளைத் தாருங்கள்

யாழ்ப்பாணத்து உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த தவணை தரம் 9 பிள்ளை ஒருத்தி, பழுதான மேசை ஃபானின் மோட்டரைப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். "ரீச்சர், இதைக் கழற்றிப் பாக்க வேணும். எங்க போறது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. "முதல்ல சோதினைக்குப் படி பிள்ளை, பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அவள் போகக்கூடிய இடமாக எங்கள் பொது நூலகம் இருக்க வேண்டும் என்பதே இந்தப் பதிவின் கோரிக்கை.

வெளிநாட்டுப் பொது நூலகங்களில் 'மேக்கர்ஸ்பேஸ்' என்று ஒரு பகுதி வைக்கிறார்கள். பிள்ளைகள் கையால் செய்து, கழற்றி, பூட்டிப் பழகும் இடம் அது. 2018இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் திறந்த ஊடி நூலகத்தில் புத்தகத்தோடு தையல் மெசினும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கின்றன. இதைக் கேட்டதும் "அவங்களிட்ட காசு இருக்கு" என்போம். ஆனால் பொது நூலகங்களில் இந்த முயற்சியை 2011 அளவிலேயே தொடங்கியவற்றில் ஒன்று, நியூயோர்க் மாநிலத்தின் ஃபயற்வில் என்ற சிறிய ஊரின் நூலகம். நூலகவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுதிய யோசனை அது. அந்த நூலகம் அவரையே வேலைக்கு எடுத்து, செய்து காட்டச் சொன்னது.

எங்கள் நூலகமும் இப்படி ஒருவரிலிருந்துதான் தொடங்கியது. 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்து ஊராருக்குப் புத்தகம் இரவல் கொடுத்தார். 1934இல் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தது. நாம் பார்த்துப் பெருமைப்படும் கட்டடம் திறந்தது 1959இல்தான்.

1981இல் அந்தக் கட்டடத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்களாகிய நாங்களும் இந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். எங்களில் பலர் புத்தளத்து முகாம்களில் எழுத்துப் பழகியவர்கள். சொந்த ஊரின் நூலகம் பக்கத்தில் இல்லாமல் வளர்வது என்னவென்று எங்களுக்குத் தெரியும். இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அது நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதானதும் சிறுவர் பகுதி அவர்களுக்குச் சின்னதாகிவிடுகிறது. பிறகு அங்கே போவதென்றால் கடந்தகால வினாத்தாளோடுதான். மற்ற நேரமெல்லாம் ரியூசன், போன், சந்தி. சந்தியில் நிற்கும் பிள்ளைக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்ற பயம் இன்று எந்த வீட்டில் இல்லை?

அதனால் மாநகர சபையிடம் நாம் கேட்க வேண்டியது இளையோருக்கென்று ஒரு நூலகரை. மெசின் வாங்கித் தந்து, நாடா வெட்டி, படம் எடுத்துப் போன பிறகு பொலித்தீன் உறையோடு கிடக்கும் பொருட்களை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அதை இயக்கிக் காட்டவும், பிள்ளையின் பெயர் தெரிந்து கூப்பிடவும் ஓர் ஆள் வேண்டும். மோட்டரோடு வரும் பிள்ளைக்கு மின்னியல் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் குறடையும் வைப்பவர்தான் அந்த நூலகர்.

அவர் எல்லாம் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. ஐந்துசந்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் தையல்காரர், போன் திருத்துபவர், இரும்பு ஒட்டுபவர் எல்லோரும் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் வந்து சொல்லிக் கொடுங்கள் என்று அவர்களைக் கேட்பதும் நூலகரின் வேலைதான்.

"நூலகம் அமைதியான இடம், அங்க தட்டுமுட்டுச் சத்தமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசிப்பு மண்டபத்துக்குத் தள்ளி, கதவு பூட்டக்கூடிய ஓர் அறை போதும். இந்த நூலகத்துக்கு ஆலோசனை சொன்ன எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டியது என்பதை 1931இலேயே ஒரு விதியாக எழுதியவர். ஆகவே இது நூலகத்துக்கு அந்நியமான யோசனை அல்ல.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். பாடசாலை 1.30க்கு விடுகிறது. இரண்டு மணிக்குத் திறந்து, மஃரிபுக்கு முன் பிள்ளைகள் வீடு சேரும்படி மூடினால் பெண் பிள்ளைகளையும் பயமில்லாமல் அனுப்பலாம்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கிழமையில் ஒரு பின்னேரமாவது ரியூசனை விட்டுப் பிள்ளையை அங்கே அனுப்பப் பெற்றோர் மனம் வைக்க வேண்டும். "கழற்றினால் பழுதாகும்" என்று சொல்வதை ஆசிரியர்களாகிய நாங்கள் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே பழுதான மோட்டர்தானே அது!

பள்ளிவாசல் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில், தேவாலயச் சபைகள் எல்லாம் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரே கடிதமாக மாநகர சபைக்குக் கொடுப்போம். கடிதத்தை எழுத நாங்கள் தயார். யார் யார் சேருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள். அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுத இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது. அதற்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், இன்ஷா அல்லாஹ்.