கோணல் எங்கே?

அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டியாளர்கள் பலர், சுட்டு முடித்த பித்தளை உறையில் புது கேப், வெடிமருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே தோட்டா தயாரித்துக்கொள்கிறார்கள். (இந்தியாவில் உரிமமின்றி இதைச் செய்வது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.) குண்டு உறைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பது அவர்களது தீராத கவலை. சாய்ந்த குண்டு குழலுக்குள் சாய்ந்தே நுழையும், குறி சிதறும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் டயல் கருவிதான் அந்தக் கோணலைப் பிடிக்கும்.

எதை வாங்குவது? சின்க்ளேர் வகைக் கருவியில் உறை எஃகு உருண்டைகள் மீது படுத்துச் சுழல, முள் குண்டைத் தொடுகிறது. ஹார்னடி கருவி தோட்டாவை இரு முனைகளிலும் பிடித்துச் சுழற்றுகிறது. கோணலைத் திருகால் அழுத்தி நிமிர்த்தவும் செய்கிறது. இரண்டாவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் நான் முதலாவதையே சொல்வேன். அதில் வெற்று உறையின் கழுத்தையும் அளக்கலாம். கழுத்தே கோணல் என்றால் உறையைத் திருத்தும் அச்சையும் பித்தளையின் தடிமனையும் சந்தேகிக்க வேண்டும். கழுத்து நேர், குண்டு மட்டும் கோணல் என்றால் குண்டைப் பொருத்திய விதத்தை. மூலம் தெரியாமல் நிமிர்த்திக்கொண்டிருந்தால் அடுத்த தோட்டாவும் கோணலாகத்தான் வரும்.

ஒரே தோட்டாவை ஐந்து முறை அளந்தால் ஐந்து முறையும் ஒரே எண் வரவேண்டும். வராவிட்டால் கோணல் தோட்டாவில் அல்ல; கருவியிலோ, அளக்கும் கையிலோ.