பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு படம்

ஓர் அறையில் பன்னிரண்டு பேர் தங்கினால் அந்த அறைக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். வாசலில் நின்று ஒரே படமாக எடுத்தால் கிடைப்பது வாசலில் நிற்பவர் பார்த்த அறை, அவ்வளவுதான். அகலக் கோண லென்ஸ் போட்டால் இன்னும் மோசம். சுவர்கள் விலகிக்கொள்ளும், கட்டில்களுக்கு நடுவே இல்லாத இடம் முளைக்கும்.

சில மாதங்களாக வேறு விதமாக முயன்று வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு வரும், வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தங்கும் தம்பிகள் சிலரிடம், அவரவர் கட்டிலில் படுத்தபடி கண்ணுக்குத் தெரிவதைக் கைபேசியில் எடுத்து அனுப்பச் சொன்னேன். யார் முகமும் வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரர் சம்மதிக்காமல் அவருடைய சாமான்களும் வேண்டாம். வந்த படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி ஒரே அறையாகச் சேர்க்கிறேன்.

வந்தவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த அறையே புரிந்தது. கீழ்க் கட்டிலில் படுப்பவருக்கு அறை என்பது மேல் கட்டிலின் அடிப்பலகை. அதில் ஒருவர் முருகன் படமும் மகளின் பள்ளிக்கூடப் படமும் ஒட்டியிருக்கிறார். மேல் கட்டில்காரருக்கு மின்விசிறியும் குழல்விளக்கும்தான் உலகம். ஒருவர் லுங்கியைத் திரையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அனுப்பிய படம் முழுக்க நீலக் கட்டம். அதற்குள் அவர் தனியாக இருக்கிறார். வெளியிலிருந்து எடுத்திருந்தால் அந்தத் துணியை ஒழுங்கீனம் என்றுதான் நினைத்திருப்பேன்.

அளவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. 2020இல் கொவிட் தங்கும் விடுதிகளுக்குள் பரவிய பிறகு, புதிதாகக் கட்டப்படும் விடுதிகளுக்கான விதிகளைச் சிங்கப்பூர் அரசாங்கம் 2021இல் மாற்றியது. அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டில்களுக்கு இடையே 1 மீட்டர். 4.2 என்றால் ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2.1 மீட்டர். முதலில் இந்தச் சதுரங்களைத் திரையில் வரைந்துகொண்டு, ஒவ்வொருவர் படத்தையும் அவரவர் சதுரத்துக்குள் வைக்கிறேன். எது அழகாக இருக்கிறதோ அதைப் பெரிதாக்கும் சபலம் வரும். பெரிதாக்கினால் பக்கத்து ஆளின் இடத்தைத்தான் தின்ன வேண்டும்.

கணினியில் இந்த வேலை சாத்தியமானது லேயர்களால்தான். 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பில் லேயர் வசதி 1994இல்தான் வந்தது. அதற்கு முன் ஒட்டினால் ஒட்டியதுதான். அடியில் இருந்தது போய்விடும். இப்போது ஒருவர் "என் படத்தை எடுத்துடுங்கண்ணே" என்றால் அவர் லேயரை மட்டும் நீக்கலாம், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பலர் சேர்ந்து வாழும் இடத்தைப் படமாக்குகிறவருக்கு இந்த வசதி மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். விடுபட்ட இடத்தைத் தானே நிரப்பித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றையும் முயன்றேன். வெளிச்சம் வரும் ஒரு ஜன்னலையும் பூந்தொட்டியையும் வரைந்து கொடுத்தது. அங்கே வாழ்கிறவர்களுக்குக் கிடைக்காத ஜன்னலை நான் எப்படி வைப்பேன்? அந்தக் கருவியை அணைத்துவிட்டேன்.

ஓவியர் விவான் சுந்தரம் 2000களின் தொடக்கத்தில் செய்த டிஜிட்டல் படங்கள் எனக்குப் பெரிய ஆதர்சம். தாத்தா உம்ராவ் சிங் ஷெர்-கில் எடுத்த பழைய குடும்பப் படங்களைச் சேர்த்து, தன் பெரியம்மா அம்ரிதா ஷெர்-கில்லை வெவ்வேறு காலத்து உறவினர்களோடு ஒரே அறையில் உட்காரவைத்தார். எங்கே ஒட்டினார் என்று எளிதில் தெரியாது. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் இதைச் செய்தவர்கள்தானே? இறந்துபோன அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒட்டு தெரியாமல் சேர்ப்பது குடும்பத்துக்கு ஆறுதல். ஆனால் புதுக்கோட்டைக்காரரும் டாக்காக்காரரும் வேலைக்காக வந்து ஒரே அறையில் படுக்கும்போது, அவர்களை ஒரே குடும்பம்போல் குழைத்துக் காட்டுவது பொய்.

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் வடகிழக்குப் பாதைப் பக்கம் போகிறவர்கள் மிலென்கோ, டெலியா பிர்வாச்கி தம்பதியின் 'இன்டர்சேஞ்ச்' மொசைக்கைப் பார்த்திருக்கலாம். எனக்கு வேண்டியது அந்த விதம்: துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டே ஒன்றாக இருக்கிறது. நிலையத்துக்கு மேலே இருந்த நிலமும் பலர் பங்கிட்டுக்கொண்ட இடம்தான். வங்காளத்திலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள், இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்ட ஓடையில் துவைத்து அங்கே காயப்போட்டார்கள். ஊராரின் துணி கலந்து போகாமல் பிரித்துக் கொடுப்பது அவர்கள் தொழிலின் உயிர்.

அந்த நிலையத்தில் உட்கார்ந்துதான் அறைப் படத்தைத் தம்பிகளிடம் காட்டினேன்.

"நடுவுல கோடு தெரியுதேண்ணே, அழிச்சிடலாமே?" என்றார் ஒருவர்.

பக்கத்திலிருந்தவர் விடவில்லை. "இருக்கட்டும்டா. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் இடம். அதை அழிச்சா நாளைக்கு என் இடத்தையும் அழிப்பாங்க."

கோடுகளை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்து செய்ய நினைப்பது செட்டியார்களின் கிட்டங்கி. மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரே கூடத்தில் பல கடைகள். ஆளுக்கொரு பெட்டி, குட்டையான மேசை, கணக்குப் புத்தகம். பகலில் வட்டித் தொழில், இரவில் பாய். நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. கூடத்தை மொத்தமாகக் காட்டும் படங்கள் உண்டு. எனக்கு வேண்டியது பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது: எதிர்ச் சுவர், பக்கத்துக் கடைக்காரரின் முதுகு, தலைமாட்டில் சுருட்டி வைத்த பாய். அங்கே பெட்டியடிப் பையனாக வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உட்கார்ந்த இடத்தை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினால் போதும், அங்கிருந்து தொடங்கிவிடுவேன்.