சாம்பல் இங்கே, சர்வர் அங்கே!



கல்மண்டபத்தில் நின்று வடக்கே நோக்குவீர். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு! மின்சாரம் பிறக்கும் பாதை இது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் எரியத் தொடங்கி 2017இல் அணைந்தது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்றும் கரி எரிகிறது. சாம்பல் எங்கே சேருகிறது? செப்பாக்கம் குட்டையிலே! குழாய் கசியும்போதெல்லாம் கொசத்தலை ஆற்றிலே! இறால் பிடித்து வயிறு வளர்த்தவன் கையிலே சேறு, ஊராருக்கு ஒளி!

இப்போது புதியதோர் விருந்தாளி வந்திருக்கிறார். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்துவரும் தரவு மையங்களைத்தான் சொல்கிறேன். நமது செல்பேசிப் படமும் வங்கிக் கணக்கும் குடியிருக்கும் கிடங்குகள் அவை. 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வேண்டாமென்பதா நமது வாதம்? அல்ல, அல்ல! வரட்டும். ஆனால், இலைக்கு விலை கொடுப்பவர் யார்?

கணக்கைப் பாரீர். 100 மெகாவாட் கேட்கும் வளாகம் முழுச் சுமையில் ஓடினால் நாளொன்றுக்கு 24 இலட்சம் யூனிட் விழுங்கும். இரு திங்களுக்கு 100 யூனிட் என வீடுகளுக்குத் தரப்படும் இலவச மின்சாரத்தைக் கொண்டு அளந்தால், 14 இலட்சத்து 40 ஆயிரம் வீடுகளின் பங்கு அது! பின்னி ஆலை ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போட்டது. இந்தக் கிடங்குக்கோ காவலரும் பொறியாளருமாகச் சிலரே போதும்.

ஆலைக்கு விடுமுறை உண்டு. இதற்கு ஞாயிறும் இல்லை, நள்ளிரவும் இல்லை. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். கதிரவன் சாய்ந்ததும்? வீடுதோறும் விசிறி சுழலும் அதே வேளையில் இதுவும் கை நீட்டும். 2024 மே 2ஆம் நாள் மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டதே! பற்றாக்குறையை மின்சந்தையிலே வாங்க வேண்டும். அங்கே யூனிட் 10 ரூபாய் வரை ஏறும். அந்தச் சுமையும், புதிய துணைமின் நிலையச் செலவும், கடைசியில் கட்டண உயர்வாக நம் வீட்டு வாயிலுக்கே வந்து சேரும். காசிமேட்டு ஐஸ் ஆலையும் அதற்குத் தப்பாது.

கற்பனையென்று எவரேனும் நகைத்தால் அயர்லாந்தைக் காட்டுங்கள். 2023இல் அந்நாட்டின் மின்சாரத்தில் 21 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போயிற்று. நகர வீடுகள் அத்தனைக்கும் கிடைத்ததோ 18! டப்ளின் வட்டாரத்திலே புதிய இணைப்புக்குக் கதவே ஏறக்குறைய அடைபட்டது. செல்வச் சீமைக்கே அந்த நிலை!

ஆகவே கேட்போம்: மின்தடமும் துணைமின் நிலையமும் அவர்கள் செலவிலே அமையட்டும். காற்றாலையோ சூரிய மின்சாரமோ, அந்திப் பொழுதுக்குச் சேமிப்புக் கலமோ, கொண்டுவந்த பிறகே இணைப்பு. எவர் எத்தனை மெகாவாட் கேட்டார் என்பது ஊரறிய வெளிவரட்டும்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, ஆலை முதலாளிகளின் வழக்கறிஞர்கள் கோப்புகளோடு முன்வரிசையில் அமர்கின்றனர். அடுத்த முறை எண்ணூர் மீனவரும் கல்மண்டபத்துக் கடைக்காரரும் மின்கட்டணச் சீட்டோடு அங்கே போகட்டும். அழைத்துச் செல்லும் வேலை, தோழரே, உம்முடையது.