குப்பியில் எழுதியிருந்தால் போதுமா?

பல் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. பெயர் பெற்ற கூடத்திலிருந்து வந்த செல் லைன், எத்தனையோ கட்டுரைகளில் பயன்பட்டது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் வழக்கம்போல்தான் இருக்கிறது. பிறகு எதற்குச் சோதனை? இது வெறும் அசட்டை அல்ல, நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்டு சிஸ்டிக் புற்றுநோயைப் பாருங்கள். மெதுவாக வளரும்; நரம்பைப் பற்றிக்கொண்டு பரவும்; அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். இந்த நோயைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் நம்பியிருந்த 6 செல் லைன்களின் டிஎன்ஏவைச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒன்றுகூட அந்தப் புற்றுநோயின் செல் அல்ல. ஏசிசி2, ஏசிசி3, ஏசிசிஎம் மூன்றும் ஹீலா, அதாவது 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். ஏசிசிஎஸ் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். மிச்சம் இரண்டும் மனித செல்களே அல்ல: ஏசிசிஎன்எஸ் சுண்டெலியினுடையது, சிஏசி2 எலியினுடையது!

இப்படி நேர்வதில் மர்மம் எதுவும் இல்லை. ஹீலா ஏறத்தாழ ஒரே நாளில் இரட்டிப்பாகும். மெல்ல வளரும் செல்களுக்கிடையே ஒரு துளி தெறித்து விழுந்தாலும் சில வாரங்களில் பழையவை அழிந்து, பெயர் மட்டும் நிற்கும். வாய்ப் புற்றுநோய் செல் என்று 1950-களிலிருந்து வலம்வந்த கேபியும் ஹீலாதான். அது அம்பலமாகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அதை வாய்ப் புற்றுநோயாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“எந்த செல்லானால் என்ன, மருந்து வேலை செய்கிறதே” என்பவர்களைக் கேட்கிறேன்: எலி செல்லைக் கொன்ற மருந்தை எந்த நோயாளிக்காகப் பரிந்துரைக்கப் போகிறீர்கள்?

செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்டிஆர் சோதனை செய்தாயிற்று என்பதும் முழுப் பதில் ஆகாது. அது மனித டிஎன்ஏவின் அடையாளங்களைத் தேடுவது. மனித செல்களோடு கொஞ்சம் சுண்டெலி செல் கலந்திருந்தால் அதன் கண்ணில் படாமலே போகலாம். மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்து உயிரினத்தைக் கண்டறியும் பிசிஆரைத் தனியாகச் செய்ய வேண்டும். சாதாரண பிசிஆர் வசதியுள்ள எந்தக் கூடத்திலும் அதைச் செய்யலாம்.

ஆய்வு வழிகாட்டிகளே, செல் வந்து சேர்ந்ததும் இரண்டு சோதனையும் செய்யுங்கள். ஆய்வை முடிக்கும்போது மறுபடியும் செய்யுங்கள். இதழாசிரியர்களே, அந்த முடிவு இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.